ஊதிக் கொடுத்த மிளகாய் விதை

"இது இன்னா செடின்னு நீங்களே சொல்லுங்க சார்," என்று முத்துசாமி ஈரமண் உதிரும் நாற்று ஒன்றை மேசைமேல் வைத்தார்.

ஹமீது தம் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை, இழுப்பறையில் இல்லை, கோப்புகளுக்கு அடியிலும் இல்லை.

"நெத்தியில கீது சார்."

ஹமீது கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு நாற்றைப் பார்த்தார். பிறகு முத்துசாமி நீட்டிய காலிப் பொட்டலத்தைப் பார்த்தார். அதில் ஹமீதின் கையெழுத்திலேயே 'மிளகாய்' என்று எழுதியிருந்தது. எழுதியதை நம்புவதா, எதிரில் இருப்பதை நம்புவதா என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, "மிளகாய்தான்," என்றார்.

"எலயப் பாருங்க சார், யான காது மாதிரி. இது மொளகாயா? எங்க வூட்டு ஆட்டைக் கேட்டாக்கூட கத்திரின்னு சொல்லும். மொளகா நாத்து தரேன்னு எங்க ஊரு ஏம்பலம் பூரா சொல்லிவெச்சிட்டேன். இப்ப என்னைக் கண்டாலே 'இன்னா கத்திரிக்கா'ன்றானுங்க."

மிளகாய் விதையும் கத்தரி விதையும் உடன்பிறந்தவை போல இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அவற்றைப் பிரித்துப் பொட்டலம் கட்டி, பெயர் எழுதி, வீட்டுத் தோட்டத் திட்டத்தின்கீழ் இலவசமாக வழங்குவதற்காகவே பாகூருக்கு வெளியே ஓர் அரசு விதைக் கிடங்கும், அந்தக் கிடங்கில் ஹமீது என்று ஓர் எழுத்தரும் இருந்தார்கள் என்பதும் உண்மை. எழுபத்து நான்காம் ஆண்டு ஆடி மாதத்தில் அது அவருடைய மூன்றாவது தவறு.

கிடங்கின் அதிகாரி சூசைநாதன் மென்மையானவர். யாரையாவது கடிந்துகொள்ள நேர்ந்தால் அன்று மதியம் சோறு இறங்காது அவருக்கு. அவர் ஹமீதை உள்ளே அழைத்து, நாற்காலியில் உட்காரச் சொல்லி, தாமும் வருத்தத்தோடு உட்கார்ந்தார்.

"ஹமீது, ஏனாம் கிடங்குக்கு ஒரு ஆள் வேணும்னு மேலிடத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க. இங்க சர்வீஸ்ல சின்னவர் ராமுதான், மொறப்படி அவரைத்தான் அனுப்பணும். அவர் சம்சாரத்துக்குப் பிரசவம் ஆகி இருபது நாள்கூட ஆகல. அதனால நான் பேசாம இருக்கேன். ஆனா மாசக் கடைசிக்குள்ள இன்னொரு புகார் வந்துதுன்னா, உங்க பேரை எழுதறதத் தவிர எனக்கு வேற வழி இருக்காது."

ஏனாம் புதுச்சேரியைச் சேர்ந்த ஊர்தான். ஆனால் அது ஆந்திரத்தில், கோதாவரிக் கரையில் இருந்தது. போய்ச்சேர ஒரு முழு நாள் போதாது. போய்ச்சேர்ந்த பின் தெலுங்கு வேண்டும்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி சுரையா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"நாலு வருசம் நடையா நடந்து இப்பத்தான் எனக்குப் பால்வாடி வேல கெடச்சிருக்கு. அத வுட்டுட்டு நா வரமாட்டேன். போறதுன்னா நீங்க மட்டும் போங்க."

"நான் போகணும்னா சொன்னேன் சுரையா?"

"அங்க போயி உங்க கண்ணாடிய யாரு தேடித் தருவா? மொதல்ல, கண்ணாடி காணோம்றத தெலுங்குல எப்டி கேப்பீங்க?"

வெங்காயத்தாலோ வேறு எதனாலோ சுரையாவின் கண்கள் கலங்கியிருந்தன. பதினேழு ஆண்டுகளாகத் தம்முடைய கண்ணாடியையும் குடையையும் சைக்கிள் சாவியையும் தேடித் தந்துகொண்டிருந்தவர் இல்லாத ஓர் ஊரை ஹமீது நினைத்துப் பார்த்தார். அந்த ஊரில் எதுவுமே இருந்த இடத்தில் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அலுவலக வேலையாகப் புதுச்சேரிக்குப் போய்த் திரும்புகையில், பேருந்து இருக்கையில் ஒரு புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. நடத்துநரிடம் கொடுத்தபோது, "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க பாய், கேட்டா சொல்றேன், நீங்களே வெச்சிருங்க," என்றார். வில்லியனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் பேருந்து அது. ஊர் வந்து சேர்வதற்குள் ஹமீது முப்பது பக்கங்கள் படித்துவிட்டார்.

பழைய கிரேக்க நாட்டில் ஸ்தோயிக்கர் என்று சில ஞானிகள் இருந்தார்களாம். உலகத்தில் உள்ளவற்றை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்களாம்: நம் கையில் இருப்பவை, நம் கையில் இல்லாதவை. மழை, மேலதிகாரி, ஊரார் பேச்சு ஆகியவை நம் கையில் இல்லை. இந்த நொடியில் செய்கிற வேலையில் முழுக் கவனமும் வைப்பது நம் கையில் இருக்கிறது. மனம் ஓர் இடத்தில் நில்லாமல் அலைவதே எல்லாத் தவறுகளுக்கும் வேர். காலையில், வரக்கூடிய துன்பத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும். மாலையில், அன்று செய்த தவறு எது, நன்மை எது, விட்டுப்போனது எது என்று தன்னையே விசாரிக்க வேண்டும். புகழ்ச்சி வந்தால் மயங்காமல் ஒதுங்க வேண்டும்.

கவனத்தைப் பற்றிய இந்தப் புத்தகத்தைப் பேருந்தில் மறந்து வைத்துவிட்டு இறங்கியவர் எந்தப் பக்கம் வரை படித்திருப்பார் என்று ஹமீதுக்கு ஒரு சிறு ஐயம் எழுந்தது. ஆயினும் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது தமக்காகவே விட்டுச் செல்லப்பட்டது என்று தோன்றியது அவருக்கு.

பயிற்சி மறுநாள் காலை இட்லியில் தொடங்கியது.

"இன்னா, கல்லு கெடக்குதா?" என்று கேட்டார் சுரையா. ஹமீது ஒரே இட்லியைக் கால் மணி நேரமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"இல்ல. இட்லியக் கவனிக்கிறேன்."

"இத்தன வருசமா இன்னா பண்ணீங்க?"

"முழுங்கினேன்."

சுரையா தேநீரைக் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்தார். ஹமீது அதை இரு கைகளாலும் வாங்கி, உற்று நோக்கி, "இது உடையக்கூடிய பொருள். உடைஞ்சா நான் வருத்தப்படமாட்டேன்," என்று முன்கூட்டியே அறிவித்தார்.

"நீங்க எதுக்கு வருத்தப்படப் போறீங்க? உடைக்கிறது நீங்க. வருத்தப்படறது நான்."

துன்பத்தை முன்கூட்டி நினைக்கிற பயிற்சிக்கு ஹமீது ஏனாமைத் தேர்ந்தெடுத்தார். கோதாவரிக் கரையில் தாம் தனியே உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருப்பதாக நினைத்துப் பார்த்தார். மனம் அமைதி அடையும் என்று புத்தகம் சொன்னது, அவர் மனம் அடையவில்லை. அதற்குப் பதிலாக, எதிரில் இருந்த சுரையாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சில மாவு கீவு ஒட்டியிருக்கா?"

"இல்ல. சும்மாத்தான் பாக்குறேன்."

சுரையா உள்ளே போனார். மறுநாள் காலை அவர் தலையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது. "அந்தப் புத்தகத்த ஒரேயடியா முடிச்சிடாதீங்க. மெதுவாப் படிங்க," என்றும் சொல்லிவைத்தார்.

வீட்டில் இனித்த பயிற்சி அலுவலகத்தில் கசந்தது. ஹமீது ஒவ்வொரு விதையாகக் கவனித்துப் பொட்டலத்தில் இட்டார். தவறே நேரவில்லை. ஆனால் மதியம் வரை ஆறு பொட்டலங்களே முடிந்திருந்தன. வரிசை கிடங்கின் கதவைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, சாலைக்கு வந்துவிட்டது.

"இன்னா சார், விதைக்குப் பேரு வெக்கிறீங்களா ஒண்ணொண்ணா?" என்று வரிசையிலிருந்து முத்துசாமி குரல் கொடுத்தார். அவர் இம்முறை உண்மையான மிளகாய்க்காக வந்திருந்தார்.

இதற்கு ஹமீது ஒரு வழி கண்டார். விதைகளை எண்ண வேண்டாம். செய்கிற வேலையை வாயால் சொல்லிக்கொண்டே செய்தால் மனம் வேறெங்கும் ஓடாது, கையும் விரைவாக ஓடும். எனவே அவர் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னால் கண்களை மூடி மனத்தை ஒருமுகப்படுத்தினார். பிறகு, "இப்போது மிளகாய் எடுக்கிறேன், மிளகாய், மிளகாய்," என்று உதட்டுக்குள் முணுமுணுத்தபடி விதையை உள்ளங்கையில் அள்ளினார். பதரும் தூசியும் போக மெல்ல ஒருமுறை ஊதினார். பொட்டலம் கட்டி இரு கைகளாலும் கொடுத்தார்.

வரிசை மளமளவென்று நகர்ந்தது. ஒரு தவறும் இல்லை. ஹமீது மகிழ்ந்தார், பிறகு மகிழ்ச்சியில் மயங்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, மகிழ்வதை நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் ஒருநாள், கிடங்கைப் பெருக்குவதிலிருந்து தபால் சுமப்பது வரை எல்லாம் செய்யும் அம்சவள்ளி ஒரு நீண்ட காகிதத்தைக் கொண்டுவந்து அவர் முன் நின்றார்.

"சார், சுத்தறிக்கை. எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்கதான் பாக்கி."

அதுவரை ஹமீது வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துகளைப் போட்டிருந்தார். ஒன்றைக்கூடக் கவனித்துப் போட்டதில்லை என்பது அந்த நொடியில் அவருக்கு உறைத்தது. அவர் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டார். பேனாவில் புதிதாக மை நிரப்பினார். முள்ளை ஒளியில் பிடித்துப் பார்த்தார்.

"அம்சவள்ளி, கையெழுத்துன்னு ஒண்ண நாம என்னைக்காவது பாத்திருப்போமா?"

"நான் ரேக வெக்கிறவ சார்."

"ரேகையையும் பாக்கலாம்மா. எதையும் பாக்கலாம்."

காகிதத்தில் கோடு போட்ட கட்டங்களில் ஒன்று வெறுமையாக, அகலமாக இருந்தது. அங்கே முள்ளை வைத்தார். மை ஈரமாக மின்னியதைப் பார்த்தார். 'ஹ' வளைந்ததையும் 'மீ' சுழித்ததையும் 'து' காலை நீட்டிக்கொண்டதையும் பார்த்தார். முள் காகிதத்தில் உரசுகிற ஓசை, தூரத்தில் யாரோ உமி புடைப்பதைப் போலக் கேட்டது.

அம்சவள்ளி அசையாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், நல்லா யோசிச்சுதான் போடறீங்களா?"

"யோசிக்கவே கூடாதும்மா. யோசிச்சா கவனம் போயிடும்."

மை உலர்ந்து மங்குகிற வரை அவர் காகிதத்தைக் கொடுக்கவில்லை. அம்சவள்ளி அதை வாங்கிக்கொண்டு, எதனாலோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அன்று மாலை தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டபோது, 'செய்த நன்மை' என்ற கேள்விக்கு ஹமீது தயக்கமின்றி விடை சொல்லிக்கொண்டார்: ஒரு கையெழுத்து.

மறுநாளிலிருந்து அலுவலகம் மாறிப்போயிற்று. ராமு தம் தூக்குச் சட்டியைத் திறந்து பாதியை ஹமீதின் இலையில் வைத்தார்.

"பாய், உங்கள மாதிரி ஒரு மனுசன இந்தப் பாகூர்லயே பாக்க முடியாது. எம் புள்ளைக்கு உங்க பேரையே வெக்கலாம்னு பாத்தேன். எஞ் சம்சாரம் கனகாம்பாளுக்கும் இஷ்டந்தான். மாமனாருதான் மொறச்சிட்டாரு."

கவனத்தோடு வாழ்பவனின் முகத்தில் ஓர் ஒளி வரும் என்று புத்தகத்தில் இருந்தது. அது இத்தனை விரைவில் வரும் என்று ஹமீது எதிர்பார்க்கவில்லை.

"புகழ் நம்ம கையில இல்ல ராமு. அத விடு. மீனக் கவனிச்சுச் சாப்பிடு, முள்ளு இருக்கும்."

சூசைநாதனும் அவரை அறைக்கு அழைத்து, எழுந்து நின்று, "ஹமீது, நான் அன்னைக்கு அப்படிப் பேசினது எனக்கே உறுத்துது. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும்..." என்று தொடங்கினார். ஹமீது பணிவோடு கையை உயர்த்தினார்.

"ஐயா, நடந்தது நம் கையில் இல்லை. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்."

சூசைநாதன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பின் இரண்டு முறை அவர் பேச்சை எடுத்தார். இரண்டு முறையும் ஹமீது புன்னகையோடு கையை உயர்த்திவிட்டார்.

இதற்கிடையில் முத்துசாமியின் மிளகாய் ஐந்தாம் நாளே முளைத்துவிட்டது. தினமும் இருவேளை தண்ணீர் தெளித்தவர் அவர்தான். ஆயினும் அதை அவர் மறந்துவிட்டார்.

"சும்மாவா மொளச்சுது? கண்ண மூடி, உதட்டுக்குள்ளயே ஏதோ ஓதி, ஊதி இல்ல குடுத்தாரு பாய்!" என்று ஏம்பலத்தில் சொன்னார். பள்ளிவாசல் வாசலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்று, தொழுதுவிட்டு வருபவர்களிடம் ஓதி ஊதச் சொல்லிவிட்டுப் போவது எல்லாச் சாதி மதத்தாருக்கும் வழக்கமாக இருந்த ஊர்கள் அவை. ஆகவே யாரும் வியப்படையவில்லை. அரசாங்கமே இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறதே என்றுதான் வியந்தார்கள்.

திங்கட்கிழமை வரிசையில் விதை கேட்காதவர்களும் நின்றார்கள். பனித்திட்டிலிருந்து வந்த காசம்மாள் என்ற மீனவப் பெண் ஒரு போத்தல் தண்ணீரை மேசைமேல் வைத்தார்.

"இதுலயும் ஒரு ஊது ஊதிக் குடு பாய். எம் வூட்டுக்காரரு வலையில பத்து நாளா ஒரு நெத்திலிகூட வுழல."

ஹமீதுக்கு வியர்த்துவிட்டது. "அம்மா, நான் ஓதறவன் இல்ல! அதுக்கெல்லாம் எனக்குத் தகுதியும் கிடையாது. நான் மிளகாய்னு சொல்லிட்டு, தூசிய ஊதறேன். அவ்வளவுதான்."

"அப்ப மீனுன்னு சொல்லி ஊது."

"மீன் விழறது என் கையில இல்லம்மா!"

காசம்மாள் வரிசையின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாடி? எல்லாம் மேல இருக்கறவன் கையிலதான் கீது, எங்கையில ஒண்ணுமில்லன்றாரு. இன்னா அடக்கம் பாரு!"

போத்தல்கள் கூடின. ஹமீது சிந்தித்தார். முணுமுணுப்பதால்தானே இந்தக் குழப்பம்? மறுநாள் அவர் வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொண்டு பொட்டலம் கட்டினார்.

"மவுன விரதம்," என்று வரிசையில் செய்தி பரவியது. குழந்தைகளை அழவிடாமல் தூக்கிக்கொண்டார்கள். யாரோ வெற்றிலையில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

புகார் வந்துவிடும் என்ற அச்சம் ஹமீதைப் பிடித்துக்கொண்டது. அரசுக் கிடங்கில் எலுமிச்சம்பழம்! மாதம் முடியப் பத்து நாள்களே இருந்தன. அவர் ஒரு பலகையை எடுத்து, முழுக் கவனத்தோடு, அழகிய எழுத்துகளில் அறிவிப்பு ஒன்று எழுதிக் கதவில் மாட்டினார்: 'இங்கு விதைக்கு மட்டுமே கவனம் செலுத்தப்படும். மற்றவை எம் கையில் இல்லை.'

எழுத்துக் கூட்டிப் படித்த ஒருவர் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மாலைக்குள் பலகையின் நான்கு மூலைகளிலும் மஞ்சளும் குங்குமமும் வைக்கப்பட்டிருந்தன.

ஹமீது பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு சூசைநாதனின் அறைக்கு ஓடினார்.

"ஐயா, என்னை மன்னிக்கணும். நான் என்ன செய்தாலும் கூட்டம் கூடுது. இத ஒரு தவறா நினைச்சு நீங்க..."

"அட, விடுங்க ஹமீது," என்று சூசைநாதன் எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார். "ஜனங்க உங்கமேல ஆசையா இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும். உங்கமேல இனிமே யாரு புகார் சொல்லப்போறா? சொன்னாலும் நான் கேக்கப்போறதில்ல. இருக்கிற வரைக்கும் சந்தோஷமா இருங்க."

ஹமீதின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அன்று மாலை சைக்கிளில் போகும்போது, மெதுவாகப் போக வேண்டும் என்பதை மறந்து பறந்தார்.

"சுரையா! ஏனாம் இல்ல! அதிகாரியே சொல்லிட்டாரு, இனிமே புகாரே கேக்க மாட்டாராம்!"

சுரையா ஒரு கணம் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு, அன்றிரவுக்கென்று வைத்திருந்த ரசத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பெருநாளுக்குச் செய்வது போல நெய்ச்சோறு செய்தார். ஹமீது அதை ஒவ்வொரு பருக்கையாகக் கவனித்துச் சாப்பிட்டார். அன்று அப்படிச் சாப்பிடுவதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

மாதக் கடைசி நாளில் கிடங்கின் முற்றத்தில் ஒரு சிறிய விழா ஏற்பாடாகியிருந்தது. "வீட்ல அக்காவையும் கண்டிப்பாக் கூட்டிட்டு வரணும் பாய்," என்று ராமு மூன்று முறை சொல்லியிருந்தார். அந்த மாதம் வேறெந்தக் கிடங்கைவிடவும் அதிக விதைகள் கொடுத்தது தங்கள் கிடங்குதான் என்பது ஹமீதுக்குத் தெரியும். பாராட்டு அதற்காகவே என்று அவர் புரிந்துகொண்டார். வியப்பு ஏதும் காட்டாமல், காலையிலேயே வந்து தோரணம் கட்டவும் உதவினார். ஒவ்வொரு மாவிலையையும் கவனித்துக் கோத்தார். ஏன் கோக்கிறோம் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்பது புகழை எதிர்பார்ப்பது போலாகிவிடும்.

சுரையா பச்சைப் பட்டுடுத்தி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அம்சவள்ளி. பின்னால் காசம்மாளும், பனித்திட்டு ஏம்பலம் ஆள்கள் ஐம்பது பேரும். முத்துசாமி ஒரு கட்டு மிளகாய் நாற்றோடு வந்திருந்தார். "இந்தத் தடவ மொளகாதான் சார். ஆட்டைக் கேட்டுட்டுதான் கொணாந்தேன்," என்று அதை ஹமீதின் காலடியில் வைத்தார். ராமுவின் மனைவி கனகாம்பாள் கைக்குழந்தையைக் கொண்டுவந்து ஹமீதின் மடியில் வைத்து, அவரைக் கைகூப்பி வணங்கிவிட்டுத் திரும்பிப் போனார். ஹமீது குழந்தையின் விரல்களைக் கவனித்தார். பத்தும் சரியாக இருந்தன.

சூசைநாதன் பேச எழுந்தார்.

"இன்று நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பதை எல்லாரும் அறிவீர்கள். நான் அதிகம் பேச விரும்பவில்லை. பேசினால் என்னால் முடியாது. தன்னலம் என்பதே இல்லாத ஒரு மனிதரோடு இத்தனை ஆண்டுகள் பணியாற்றியும் நான் அவரை அறியாமல் இருந்துவிட்டேன். அவர் செய்த காரியத்தைப் பற்றி மூன்று முறை பேச முயன்றேன். மூன்று முறையும் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். அத்தகைய மனிதருக்கு இந்த மாலையை அணிவிக்கிறேன்."

மாலை ஹமீதின் கழுத்தில் விழுந்தது. கை தட்டல் எழுந்தது. காசம்மாள் தம் போத்தலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். ஹமீது, புத்தகம் சொன்னபடி மயங்காமல், மாலையின் ஈரத்தையும் மணத்தையும் கனத்தையும் கவனித்துக்கொண்டு நின்றார்.

முதல் வரிசையில் சுரையாவின் முகம் பூரித்திருந்தது. அவர் அம்சவள்ளியின் பக்கம் சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே சற்று உரக்கக் கேட்டார்:

"ஏன் அம்சவள்ளி, நல்லா வேல செய்றவங்களுக்குக் குடுக்கிற பரிசுதானே இது?"

"இன்னாக்கா ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்குறீங்க? ஏனாமுக்கு யாரு இஷ்டப்பட்டுப் போறீங்கன்னு கேட்டு, பதினோரு ஆபீசு சுத்தியும் ஒருத்தரும் கை வெக்காம வந்த காயிதத்துல, கைய கழுவி, மை ஊத்தி, அர மணி நேரம் பாத்துப் பாத்துக் கையெழுத்துப் போட்டது உங்க வூட்டுக்காரரு ஒருத்தருதானே!"